ஜிஐஎஸ் புதிதாகக் கற்பவருக்கு: ஒரு கேள்வியை எடுத்து முடிவுவரை போங்கள்

இடஞ்சார் பகுப்பாய்வு (எது எங்கே இருக்கிறது என்பதை ஜிஐஎஸ் எனும் வரைபட மென்பொருளில் வைத்து ஆராய்வது) கற்க வருபவர்களில் பலர் மென்பொருளைக் கற்கத் தொடங்கிவிடுகிறார்கள். மெனுவை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பது, காணொளிகளை வரிசையாகப் பார்ப்பது என்று சில வாரங்கள் போகும், பிறகு சலித்துவிடும். கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருளின் கருவிப்பெட்டியில் நூற்றுக்கணக்கான கருவிகள் இருக்கின்றன. அன்றாட வேலைக்குப் பத்துப் பதினைந்து போதும். எந்தப் பத்து என்பதை உங்கள் கேள்விதான் முடிவு செய்யும்.

அதனால் இங்கே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு வட்டாரத்தில், எந்த மருத்துவமனையிலிருந்தும் 2 கிலோமீட்டருக்கு அப்பால் வசிப்பவர்கள் எத்தனை பேர்? மருத்துவமனைக்குப் பதில் நூலகம், பேருந்து நிறுத்தம், பள்ளி என எதை வைத்தும் செய்து பார்க்கலாம். சின்னக் கேள்விதான். ஆனால் ஒழுங்காகப் பதில் சொல்ல உட்கார்ந்தால் இந்தத் துறையின் அடிப்படைகளில் பெரும்பாலானவை வழியிலேயே எதிர்ப்படும்.

மென்பொருளைத் திறக்கும் முன்

"எங்கள் பகுதியில் மருத்துவ வசதி எப்படி இருக்கிறது?" என்பதை வைத்து எந்தக் கருவியையும் ஓட்ட முடியாது. எது மருத்துவமனை? பல் மருத்துவரின் அறையும் சேர்த்தியா? எந்த எல்லைக்குள்? தூரம் நேர்கோட்டிலா, சாலை வழியா? மக்கள் எண்ணிக்கை எந்த ஆண்டுக்கானது? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். எந்தத் தரவைத் தேடுவது, எந்தக் கருவியைத் தொடுவது என்பதை அந்த வரிகளே காட்டிக்கொடுக்கும்.

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் வரைபடம் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்தது. 1854இல் சோஹோ பகுதியில் 600க்கும் மேற்பட்டவர்கள் காலராவில் இறந்தார்கள். இறப்பு நேர்ந்த வீடுகளை அவர் வரைபடத்தில் குறித்தபோது, பிராட் தெருவில் இருந்த அடிகுழாயைச் சுற்றி அவை குவிந்து நின்றன. வரைபடத்தைப் பார்த்ததும் அவருக்கு உண்மை புலப்பட்டது என்று கதை சொல்வது வழக்கம். ஆனால் காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று 1849இலேயே அவர் எழுதிவிட்டார். வரைபடம் அச்சானது குழாயின் கைப்பிடியைக் கழற்றிய பிறகுதான். கேள்வி முன்னால் போயிருக்கிறது, வரைபடம் பின்னால் வந்திருக்கிறது.

அந்த ஆய்வில் கற்க வேண்டியது குவியலைவிட விதிவிலக்குகளில்தான் அதிகம் என்பது என் எண்ணம். குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலையில் ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. தொழிலாளர்கள் பீர் குடித்தார்கள், ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. அருகில் இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர். இறந்தது 5 பேர் மட்டுமே. அங்கும் தனிக் கிணறு. "அருகில் இருக்கிறார்கள், ஆகவே பயன்படுத்துகிறார்கள்" என்ற அனுமானம் உடைகிற இடங்களை ஸ்னோ தேடித் தேடிப் போய் விசாரித்தார். நம் 2 கிலோமீட்டர் கேள்விக்குள்ளும் இதே அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து மருத்துவமனைக்குப் போகாதவர்கள் எங்கும் உண்டு.

மென்பொருளும் மூன்று தரவுகளும்

கியூஜிஐஎஸ் கட்டணம் இல்லாத திறமூல மென்பொருள். கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கியது. தரவிறக்கும்போது நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். புதுப் பதிப்பின் புது வசதிகள் உங்களுக்கு இப்போது தேவைப்படாது, அதில் வரும் புதுக் கோளாறுகளும் தேவையில்லை. உங்கள் அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஆர்க்ஜிஐஎஸ் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். கருவிகளின் பெயர் சற்று மாறும், கணக்கு மாறாது.

வேண்டிய தரவுகள் மூன்று. வட்டாரத்தின் எல்லை ஒரு பலகோண லேயர் (வரைபடத்தின் ஓர் அடுக்கு). மருத்துவமனைகள் ஒரு புள்ளி லேயர். மக்கள்தொகை ஒரு ராஸ்டர், அதாவது கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்த படம்.

மருத்துவமனைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கலாம். கியூஜிஐஎஸ்ஸில் குவிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலை நிறுவினால் வேண்டிய வகையை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் முதல் வேலை, ஒவ்வொன்றின் பெயர், வகை முதலிய விவரங்கள் இருக்கும் பண்புக்கூறு அட்டவணையைத் திறந்து உட்கார்ந்து படிப்பது. ஒரே மருத்துவமனை புள்ளியாக ஒரு முறையும் கட்டடப் பலகோணமாக இன்னொரு முறையும் வந்திருக்கும். பெயரில்லாதவை இருக்கும். மூடிப் பல காலம் ஆனவையும் இருக்கும். இது தன்னார்வலர்கள் வரைந்த வரைபடம். அதில் இல்லை என்பதாலேயே நிலத்திலும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அரசு வெளியிட்ட பட்டியல் ஏதும் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

மக்கள்தொகைக்கு வேர்ல்ட்பாப் வெளியிடும் ராஸ்டர்கள் பழகுவதற்கு ஏற்றவை. ஒரு கட்டம் ஏறத்தாழ 100 மீட்டர். ஒரு கட்டத்தில் 0.7 ஆள் இருப்பதாகக் காட்டும்போது புதியவர்கள் திகைத்துப்போவார்கள். வீடுவீடாக எண்ணி வந்த கணக்கு அல்ல அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொத்த எண்ணிக்கையைக் கட்டடம், சாலை, நிலப்பயன்பாடு போன்றவற்றைக் கொண்டு கட்டங்களுக்குப் பகிர்ந்தளித்த மதிப்பீடு. ஆகவே விடை 48,317 என்று வந்தால் "சுமார் 48,000" என்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள். இணையத்தில் கிடைக்கும் தரவில் பெரும்பகுதி இன்னும் ஷேப்ஃபைலாகத்தான் வருகிறது. அது 1990களின் வடிவம், ஒரு லேயருக்கு நான்கைந்து கோப்புகள், ஒன்றை மறந்து அனுப்பினால் மற்றவர் திறக்க முடியாது. தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. ஷேப்ஃபைலின் அட்டவணையில் ஒரு பத்தியின் (நெடுவரிசையின்) பெயருக்கு 10 பைட்டுகள்தான் இடம். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் செலவாகும், புள்ளிக்கும்கூட. "மக்கள்தொகை" என்று பத்திக்குப் பெயர் வைத்துச் சேமித்தால் "மக்" என்பதற்குமேல் அதில் இடமில்லை. ஜியோபேக்கேஜில் இந்தச் சிக்கல் கிடையாது.

பாகையும் மீட்டரும்

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஜிபிஎஸ் கொடுப்பது அட்சரேகை, தீர்க்கரேகை. அலகு பாகை. இந்த ஆயத்தொலை முறைக்கு (இடத்தை எண்களால் குறிக்கும் முறை, சுருக்கமாக சிஆர்எஸ்) டபிள்யூஜிஎஸ் 84 என்று பெயர். இப்படி ஒவ்வொரு முறைக்கும் இபிஎஸ்ஜி என்ற பட்டியலில் ஓர் எண் உண்டு, இதன் எண் 4326. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு, வேர்ல்ட்பாப் ராஸ்டர் இரண்டும் இதில்தான் வரும். பாகை என்பது கோணம். தரையில் அதன் நீளம் இடத்துக்கு இடம் மாறும்: நிலநடுக்கோட்டில் தீர்க்கரேகையின் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர், 60 பாகை அட்சரேகையில் அதில் பாதிதான். பாகையில் இருக்கும் லேயரைச் சுற்றி வட்டம் போட்டால், திரையில் வட்டமாகத் தெரிவது தரையில் நீள்வட்டமாக இருக்கும்.

அதே லேயரில், குறிப்பிட்ட தூரத்துக்குச் சுற்றுவட்டம் போடும் பஃபர் கருவியைத் திறந்து தூரம் 2000 என்று கொடுத்தால் மென்பொருள் அதை 2000 பாகை என்றே புரிந்துகொள்ளும். உலகத்தைச் சுற்றினாலே 360 பாகைதான். ஆகவே திரை முழுக்க ஒரே நிறம் அப்பிக்கொள்ளும். இது நல்ல பிழை, உடனே கண்ணில் பட்டுவிடும். 0.02 பாகை என்று குத்துமதிப்பாகக் கொடுத்து, பார்வைக்குச் சரியாக இருக்கிறதே என்று மேலே போவதுதான் ஆபத்தானது. எண் பெட்டிக்குப் பக்கத்தில் அலகு என்ன என்று கியூஜிஐஎஸ் காட்டும். அங்கே பாகை என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

மீட்டரில் அளக்க வேண்டுமானால் லேயரை ஒரு புரொஜெக்ஷனுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறைக்கு) மாற்ற வேண்டும். ஒரு மாவட்டம் அளவுள்ள பகுதிக்கு யுடிஎம் என்ற புரொஜெக்ஷன் போதும். அது உலகை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. உங்கள் மண்டலத்தைக் கண்டுபிடிக்கத் தீர்க்கரேகையுடன் 180 கூட்டி, 6ஆல் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். கிழக்குத் தீர்க்கரேகை 80 என்றால் 260 வகுத்தல் 6, அதாவது 43.33, ஆகவே மண்டலம் 44. வட அரைக்கோளமானால் அந்த எண்ணுக்கு முன்னால் 326 சேர்த்தால் இபிஎஸ்ஜி எண் வந்துவிடும்: 32644. தென் அரைக்கோளத்துக்கு 327. மேற்குத் தீர்க்கரேகைக்கு எண்ணை எதிர்மறையாக எடுக்கவும். ஒரு முழு நாட்டையோ கண்டத்தையோ அளப்பதற்கு யுடிஎம் உதவாது. பரப்பளவைக் காக்கும் புரொஜெக்ஷன் ஒன்றைத் தேட வேண்டும்.

இணைய வரைபடங்களின் பின்னணி வெப் மெர்கேட்டர் என்ற புரொஜெக்ஷனில் (இபிஎஸ்ஜி எண் 3857) இருக்கும். அதன் அலகு மீட்டர் என்றுதான் போட்டிருக்கும், நம்பாதீர்கள். 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் காட்டும். 30 பாகையில் நீளம் 15 சதவீதம் கூடுதல். 10 பாகையில் ஒன்றரை சதவீதம்தான். அதனாலேயே நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் இந்தப் பிழையைக் கவனிக்காமலே இருந்துவிடுவார்கள்.

இன்னொரு குழப்பம்: லேயரின் ஆயத்தொலை முறையை "செட்" செய்வதும் "ரீபுரொஜெக்ட்" செய்வதும் ஒன்று அல்ல. முதலாவது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மாற்றுகிறது, இரண்டாவது உள்ளே இருக்கும் பொருளையே மாற்றுகிறது. பாகையில் இருக்கும் எண்களுக்கு 3857 என்று சீட்டு ஒட்டிவிட்டால், 80 பாகை 80 மீட்டராகிவிடும். உங்கள் ஊர்களெல்லாம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில், அட்சரேகையும் தீர்க்கரேகையும் சுழியாகும் இடத்தில் போய் விழும். அந்தக் கடல் பகுதிக்கு இந்தத் துறையினர் நல் ஐலண்ட் (Null Island, சுழித் தீவு) என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது ஒரு வானிலை மிதவை. உங்கள் புள்ளிகள் அங்கே தெரிந்தால் சீட்டைத் தவறாக ஒட்டியிருக்கிறீர்கள், அல்லது ஆயத்தொலைவுப் பத்தி காலியாக இருந்து சுழியாகப் படிக்கப்பட்டிருக்கிறது. அட்சமும் தீர்க்கமும் இடம் மாறினாலும் புள்ளிகள் வேறு எங்கோ போய் நிற்கும். அட்டவணையை இறக்கும்போது எக்ஸ் என்றால் தீர்க்கரேகை என்று நினைவில் வைத்தால் போதும்.

இனிச் செய்முறை

எல்லை லேயரை ரீபுரொஜெக்ட் லேயர் கருவியால் யுடிஎம்முக்கு மாற்றுங்கள். மருத்துவமனை லேயரையும் அப்படியே. மாற்றியவற்றைத் தெளிவான பெயரில் சேமியுங்கள். தற்காலிக லேயராக விட்டுவிட்டு மென்பொருளை மூடினால் போய்விடும்.

மருத்துவமனைகளை எல்லைக்குள் வெட்டி எடுக்கத் தோன்றும். வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் 500 மீட்டரில் இருக்கும் மருத்துவமனைக்கு இந்தப் பக்கத்து மக்கள் போகத்தான் செய்வார்கள். முதலில் எல்லையையே 2 கிலோமீட்டர் பஃபர் செய்து, அதற்குள் விழும் மருத்துவமனைகள் அனைத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டால் எல்லையோரத்து ஊர்கள் எல்லாம் வசதியற்றவையாகத் தோன்றும்; வரைபடமும் ஏதோ உண்மையைக் கண்டுபிடித்ததுபோல அழகாகவே இருக்கும்.

அடுத்து மருத்துவமனைகளுக்கு 2000 மீட்டர் பஃபர். இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். வட்டங்களை ஒன்றாக இணைக்கும் டிஸ்ஸால்வ் என்பதைத் தேர்வு செய்யாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று விழும் வட்டங்களுக்குள் இருப்பவர்கள் இரண்டு, மூன்று முறை எண்ணப்படுவார்கள். செக்மென்ட்ஸ் என்ற எண் இயல்பாக 5 என்றிருக்கும். கால்வட்டத்துக்கு 5 கோடுகள், ஆக முழு வட்டம் 20 பக்கமுள்ள பலகோணம். 2 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 12.57 சதுர கிலோமீட்டர் இருக்க வேண்டும்; 20 பக்கப் பலகோணத்துக்கு 12.36தான் வரும். ஏறத்தாழ 1.6 சதவீதம் குறைவு. எண்ணை 25ஆக உயர்த்தினால் 12.56 ஆகிவிடும். இந்த வித்தியாசத்தால் உங்கள் முடிவு தலைகீழாகப் போவதில்லை. ஆனாலும் டிஸ்ஸால்வ் இல்லாமல் ஒரே ஒரு வட்டத்தை மட்டும் போட்டு அதன் பரப்பை அளந்து பாருங்கள். 12.5க்குப் பக்கத்தில் வந்தால் ஆயத்தொலை முறையும் அலகும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

பிறகு டிஸ்ஸால்வ் செய்த பஃபரை எல்லைக்குள் வெட்டுங்கள், கிளிப் கருவி. இப்போது கையில் இருப்பது "2 கிலோமீட்டருக்குள்" என்ற ஒற்றைப் பலகோணம். ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கருவியில் இந்தப் பலகோணத்தையும் மக்கள்தொகை ராஸ்டரையும் கொடுத்து, கூட்டுத்தொகையைக் கேளுங்கள். எல்லைப் பலகோணத்துக்கும் அதையே செய்யுங்கள். மொத்தத்திலிருந்து உள்ளே இருப்பவர்களைக் கழித்தால் கேள்விக்கு விடை.

மற்ற லேயர்களை யுடிஎம்முக்கு மாற்றிய வேகத்தில் மக்கள்தொகை ராஸ்டரையும் மாற்றிவிடாதீர்கள். ராஸ்டரை மாற்றும்போது பழைய கட்டங்களின் மேல் புதிய கட்டங்கள் விழும், ஒவ்வொன்றுக்கும் மதிப்பு மறுபடி கணக்கிடப்படும். உயரம் போன்ற அளவுகளுக்கு இது பரவாயில்லை. தலைகளை எண்ணிய ராஸ்டரில் மொத்தக் கூட்டுத்தொகையே மாறிப்போகும். ராஸ்டரை அதன் முறையிலேயே விட்டுவிட்டு, மீட்டரில் போட்டு முடித்த பலகோணத்தைப் பாகைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

வழியில் "செல்லாத ஜியாமெட்ரி" என்று ஒரு பிழை வந்தால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு பலகோணத்தின் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருக்கும். ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ் கருவியில் கொடுத்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விடை வந்த பிறகு

உள்ளே இருப்பவர்கள் மொத்தத்தைவிட அதிகமா? வட்டாரத்தின் மொத்தம், அரசு வெளியிட்ட எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? மருத்துவமனையே இல்லாத ஒரு மூலையை எடுத்து, செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் போட்டுப் பாருங்கள்: அங்கே வீடுகள் உண்டா, காடா, ஏரியா? ஐந்து நிமிட வேலைதான். பெரிய பிழைகள் பல இங்கேயே பிடிபடும்.

நேர்கோட்டுத் தூரம் என்ற அனுமானத்தையும் ஒருமுறை உரசிப் பாருங்கள். நடுவில் ஆறு ஓடி, பாலம் தொலைவில் இருந்தால், வரைபடத்தில் 1 கிலோமீட்டராக இருப்பது காலுக்கு 6 கிலோமீட்டராக இருக்கலாம். 1855இல் வெளியான தன் வரைபடத்தின் மற்றொரு வடிவில் ஸ்னோ இதையும் யோசித்திருந்தார்: பிராட் தெருக் குழாய்க்கும் மற்றக் குழாய்களுக்கும் நடந்துபோகும் தூரம் சமமாகும் இடங்களை இணைத்து ஒரு கோடு வரைந்தார். தெரு வழியான தூரம், நேர்கோடு அல்ல. அவர் கையால் செய்ததைச் செய்ய கியூஜிஐஎஸ்ஸின் நெட்வொர்க் அனாலிசிஸ் பகுதியில் சர்வீஸ் ஏரியா என்ற கருவி இருக்கிறது. சாலை லேயரைக் கொடுத்தால் 2000 மீட்டருக்குள் எட்டக்கூடிய சாலைத் துண்டுகளைத் தரும். சாலைகள் சந்திப்பில் ஒட்டாமல் சில சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் வழி அங்கே அறுந்துவிடும்; முடிவு சந்தேகமாக இருந்தால் அந்தச் சந்திப்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ராஸ்டரில் இன்னும் இரண்டு பொறிகள்

உயரத் தரவு எடுத்து மலைச்சரிவு கணக்கிடுவது எல்லாருடைய இரண்டாவது பயிற்சி. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பறந்து திரட்டிய எஸ்ஆர்டிஎம் தரவு 30 மீட்டர் கட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அது பாகையில் இருக்கும், உயரம் மட்டும் மீட்டரில். அப்படியே ஸ்லோப் கருவியில் கொடுத்தால் மென்பொருள் கிடைமட்ட தூரத்தையும் அதே அலகு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தின் அகலம் 0.00028; உயர வித்தியாசம் 3. சமவெளிகூடச் செங்குத்துப் பாறையாகி, எங்கு பார்த்தாலும் 89 பாகைக்கு மேல் சரிவு வரும். முதலில் யுடிஎம்முக்கு மாற்றுங்கள், மறுமாதிரி முறையாக (புதிய கட்டங்களின் மதிப்பைக் கணக்கிடும் முறையாக), அண்டைக் கட்டங்களைச் சராசரியாக்கும் பைலீனியரைத் தேர்ந்தெடுங்கள். இந்த உயரம் வெறும் தரையின் உயரம் அல்ல, அடர்ந்த மரங்களும் கட்டடங்களும் அதில் கலந்திருக்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

நிலப்போர்வை ராஸ்டருக்கு அதே பைலீனியரைக் கொடுத்தால் வேறு கூத்து. ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் தரவில் 10 என்றால் மரங்கள், 30 புல்வெளி, 50 கட்டடப் பகுதி. ஊரும் தோப்பும் சந்திக்கும் இடத்தில் 10க்கும் 50க்கும் சராசரி எடுத்தால் 30 வரும். ஒவ்வோர் ஊரைச் சுற்றியும் இல்லாத புல்வெளி முளைத்துவிடும். இங்கே எண்கள் வெறும் குறியீடுகள், சராசரிக்கு அர்த்தமே இல்லை. மிக அருகில் உள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பரைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

எல்லையை மாற்றினால் விடை மாறும்

வட்டாரம் முழுவதற்கும் ஓர் எண் கிடைத்தது. வார்டு வாரியாக வேண்டும் என்றால் ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸை வார்டு லேயரில் ஓட்டி, சதவீதம் கண்டு, வண்ணம் தீட்டலாம். எண்ணிக்கையை அப்படியே வண்ணமாக்காதீர்கள். பெரிய வார்டில் ஆள் அதிகம், அதனால் அடர்நிறம் என்பதற்கு வரைபடம் தேவையில்லை. விகிதமாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு, 40 பேர் மட்டுமே வசிக்கும் வார்டில் 100 சதவீதம் என்று சிவப்பாகத் தெரிவதையும் பார்த்து வையுங்கள்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. வார்டு எல்லைகளை வேறு மாதிரி போட்டிருந்தால் வரைபடமே வேறாக இருந்திருக்கும். ஓப்பன்ஷா, டெய்லர் என்ற புவியியலாளர்கள் 1979இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை எடுத்துக்கொண்டு, முதியோர் பங்குக்கும் குடியரசுக் கட்சியின் வாக்குக்கும் உள்ள ஒட்டுறவைக் (ஒன்று கூடினால் மற்றதும் கூடுகிறதா, குறைகிறதா என்று -1 முதல் +1 வரை சொல்லும் எண்ணை) கணக்கிட்டார்கள். கவுண்டிகளை வேறு வேறு விதமாகத் தொகுத்துப் பார்த்தபோது அந்த எண் கிட்டத்தட்ட -1 முதல் +1 வரை எங்கே வேண்டுமானாலும் போய் நின்றது. தரவு ஒன்றே, கோடுகள் மட்டும் வேறு. இதற்கு முழு மருந்து கிடையாது. வார்டு, அறுகோணக் கட்டம் என்று இரண்டு விதமாகச் செய்து பார்த்து, இரண்டிலும் தாங்கும் முடிவை மட்டும் உரக்கச் சொல்லுங்கள்.

குவியல் உண்மையா?

வரைபடத்தில் சிவப்பு வார்டுகள் ஓரிடத்தில் சேர்ந்து தெரிந்தால் அது தற்செயலா என்று கேட்கத் தோன்றும். அருகில் இருப்பவை தொலைவில் இருப்பவற்றைவிட ஒன்றையொன்று கூடுதலாக ஒத்திருக்கும் என்று புவியியலாளர் வால்டோ டோப்லர் 1970இல் எழுதியது இந்தத் துறையின் முதல் விதியாகவே புழங்குகிறது. அந்த ஒத்திருத்தலை அளக்கும் எண் மோரன் ஐ. +1ஐ நெருங்கினால் ஒத்தவை சேர்ந்திருக்கின்றன, சுழிக்குப் பக்கத்தில் என்றால் தற்செயலான சிதறல், எதிர்மறை என்றால் சதுரங்கப் பலகைபோல மாறி மாறி. இதைக் கற்க ஜியோடா என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைப்பேன். வரைபடத்தையும் புள்ளிவிவர விளக்கப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் தொட்டால் மற்றதில் ஒளிரும். ஓட்டும் முன் "அண்டை" என்றால் எது என்று நீங்கள் சொல்ல வேண்டும்: எல்லைக்கோட்டைப் பகிர்பவையா, மூலையைத் தொட்டாலும் போதுமா, குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவையா? அந்தத் தேர்வு மாறினால் எண்ணும் மாறும், அதனால் அறிக்கையில் எழுதி வையுங்கள்.

புள்ளிகளின் நெருக்கத்தை நிறமாகக் காட்டும் ஹீட்மேப் கண்ணைக் கவரும், ஆனால் அது சோதனை அல்ல. ஆரத்தை 500 மீட்டரிலிருந்து 5 கிலோமீட்டராக்கினால் பத்துக் குவியல்கள் ஒன்றாகிவிடும். விபத்தானாலும் நோயானாலும், வெறும் புள்ளிகளின் ஹீட்மேப் பெரும்பாலும் மக்கள் எங்கே நெருக்கமாக வசிக்கிறார்கள் என்பதைத்தான் திரும்பச் சொல்லும்.

மழைமானி போன்ற சில புள்ளிகளிலிருந்து முழுப் பரப்புக்கும் மதிப்பு நிரப்பும் இடைக்கணிப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஐடிடபிள்யூ, கிரிகிங் என்ற இரண்டு இடைக்கணிப்பு முறைகளையும் மென்பொருள் ஒரு சொடுக்கில் செய்து தரும். ஐந்து புள்ளிகளைக் கொடுத்தாலும் வழவழப்பான படம் தரும் என்பதே பிரச்சினை. அடிப்படைப் புள்ளியியல் கொஞ்சம் கைவந்த பிறகு அதற்குத் திரும்புங்கள்.

எப்போது நிரல் எழுதுவது

முதல் நாளே பைத்தானில் இறங்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்ணால் பார்த்துப் பழகாதவருக்கு, பாகையில் போட்ட பஃபர் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஓடி முடிந்தால் சந்தேகமே வராது. ஒரே வேலையை இரண்டாவது வட்டாரத்துக்கும் மூன்றாவதுக்கும் திரும்பச் செய்யும்போது கை வலிக்கும், அப்போது தொடங்குங்கள். கியூஜிஐஎஸ்ஸின் பிராசஸிங் வரலாற்றுப் பட்டியலில் நீங்கள் ஓட்டிய ஒவ்வொரு கருவியும், கொடுத்த அளவுகளுடன் பதிவாகியிருக்கும். அதையே பைத்தான் கட்டளையாக நகலெடுக்கலாம். உங்கள் சொந்தப் பயிற்சியே உங்கள் முதல் நிரல். அதிலிருந்து பைத்தானின் இடஞ்சார் நிரல் தொகுப்பான ஜியோபாண்டாஸுக்குப் போவது எளிது. புள்ளியியல் பக்கம் சாய்வு உள்ளவர்களுக்கு ஆர் மொழியில் எஸ்எஃப், டெர்ரா என்ற தொகுப்புகள். வரிசைகள் லட்சக்கணக்கில் போய் ஒவ்வொரு ஜாயினும் (இரண்டு லேயர்களை இணைப்பது) நிமிடக்கணக்கில் காத்திருக்க வைத்தால், இடஞ்சார் தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ் பக்கம் பாருங்கள். அதற்கு முன் லேயருக்கு, தேடலை வேகமாக்கும் ஸ்பேஷியல் இண்டெக்ஸ் உருவாக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

ஒவ்வொரு திட்டக் கோப்புறையிலும் ஓர் உரைக்கோப்பு வைத்து, தரவை எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தீர்கள், எந்த இபிஎஸ்ஜி எண்ணில் அளந்தீர்கள், எந்தத் தூரம் கொடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். மூல லேயர்களைத் தனிக் கோப்புறையில் போட்டு அதில் கை வைக்காதீர்கள். எங்காவது மாட்டிக்கொண்டு மற்றவரிடம் உதவி கேட்கும்போது இந்தக் கோப்புதான் கைகொடுக்கும். மென்பொருளின் பதிப்பு, ஒவ்வொரு லேயரின் ஆயத்தொலை முறை, கருவி கக்கிய பிழைச் செய்தியின் முழு உரை, முடிந்தால் தரவில் சிறு துண்டு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து மட்டும் அனுப்பினால், உதவ வருபவர் முதலில் கேட்கப்போவது "லேயர் எந்த சிஆர்எஸ்ஸில் இருக்கிறது?" என்றுதான்.